சபை நடத்தும் குழந்தைகள் இல்லம்: விடுதியாக இல்லாமல் வீடாக நடத்த

எங்கள் திருச்சபை நடத்தும் குழந்தைகள் இல்லத்தின் பொறுப்புக் குழுவில் நான் சேர்ந்த புதிதில், அந்த இல்லத்து ஃபிரிட்ஜில் ஒரு சின்னப் பூட்டு தொங்கியது. யாருக்கும் அது உறுத்தவில்லை. பால் காணாமல் போகிறது, பழம் காணாமல் போகிறது, அதனால் பூட்டு. பக்கத்துச் சுவரில் 'நாங்கள் ஒரே குடும்பம்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. ஒரு நாள் மாலை ஒன்பது வயதுப் பையன் ஒருவன் என்னிடம் வந்து, "சார், தண்ணி குடிக்கலாமா?" என்று கேட்டான். அவன் அங்கே வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சொந்த வீட்டில் எந்தப் பிள்ளையும் தண்ணீருக்கு அனுமதி கேட்காது என்பது வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது.

இல்லம் தொடங்க நினைக்கும் சபையாரும், நடக்கிற இல்லத்தில் புதிதாகப் பொறுப்பேற்பவர்களும் முதலில் கேட்பது பணத்தையும் கட்டடத்தையும் பற்றித்தான். அவை பிறகு. சபை அந்தப் பிள்ளைகளுக்குப் புரவலராக இருக்கப்போகிறதா, சொந்தக்காரராக இருக்கப்போகிறதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். புரவலர் கொடுப்பார், நன்றியை எதிர்பார்ப்பார், படம் எடுத்துக்கொள்வார். சொந்தக்காரர் திட்டுவார், ஆஸ்பத்திரியில் ராத்திரி கண்விழிப்பார், பதினெட்டு வயதுக்கு மேலும் போன் செய்வார். கீழே சொல்லும் படிகள் எல்லாம் இந்த இரண்டாவது வகைக்கானவை.

முதல் படி: இல்லம் தேவையா என்று பாருங்கள்

வேதாகமத்தில் யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரக் கடைசி வசனத்தை இல்லத் திறப்பு விழாக்களில் வாசிக்கிறோம். அதில் திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும் ஒரே மூச்சில் வருகிறார்கள். பிள்ளை ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம் என்று பிரிக்கவில்லை. அங்கே வரும் வினைச்சொல்லும் 'விசாரிக்கிறது'தான். இருக்கிற இடத்துக்குப் போய் விசாரிப்பது, அழைத்து வந்து சேர்த்துக்கொள்வது அல்ல.

உலகம் முழுக்க இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். பலர் அங்கே வந்ததற்குக் காரணம் வறுமை, படிப்புச் செலவு, பெற்றோரின் நோய், குடி, மறுமணம். 2009-ல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டு நெறிகள், வறுமையை மட்டும் காரணமாகக் காட்டி ஒரு பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்கின்றன. எனவே, ஒரு பிள்ளையைப் பற்றிக் கேள்விப்பட்டவுடன் ஒரு கணக்குப் போடுங்கள். அந்தப் பிள்ளையை இல்லத்தில் வைத்துப் பார்க்க, சம்பளம் வாடகை எல்லாம் சேர்த்து, மாதம் எவ்வளவு ஆகும்? அதில் பாதியைக் கொண்டு அந்தத் தாயின் வாடகையையோ, மருந்துச் செலவையோ, வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளையோ ஏற்பாடு செய்ய முடியுமா? முடிந்தால் செய்யுங்கள். கல்வெட்டில் பெயர் வராது, அவ்வளவுதான்.

பெற்றோரால் முடியாவிட்டால் பாட்டி, மாமா, சித்தி. அதுவும் இல்லையென்றால் வளர்ப்புக் குடும்பம். இல்லம் அதற்கும் பின்னால். கைக்குழந்தைகளை ஏற்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் குடும்பப் பராமரிப்பே வேண்டும் என்று அதே நெறிகள் சொல்கின்றன. அதற்கு ஆதாரமும் இருக்கிறது. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-ல் தொடங்கிய ஓர் ஆய்வில், காப்பகங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளில் பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். போன பிள்ளைகள் தேறினார்கள். இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள், தாமதமாகப் போனவர்களைவிட நன்றாகத் தேறினார்கள்.

இரண்டாம் படி: காகித வேலை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் நாட்டுக் குழந்தைப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்யாமல் ஒரு பிள்ளையைக்கூட இரவு தங்கவைக்காதீர்கள். வாசலில் கொண்டுவந்து விட்டால்கூட, பொறுப்புள்ள அரசு அதிகாரிக்குச் சொல்லி அவர்கள் வழியாகவே சேர்க்க வேண்டும். "பாஸ்டர் கடிதம் கொடுத்திருக்கிறார்" என்பது சேர்க்கைக்குக் காரணமாகாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு: பிறப்புச் சான்று, குடும்பத்தார் யார், எங்கே இருக்கிறார்கள், ஏன் வந்தது, எப்போது திரும்பலாம். இந்தக் கடைசிக் கேள்விக்கு முதல் நாளே ஒரு பதில் எழுதியிருக்க வேண்டும், பின்னால் மாறினாலும் பரவாயில்லை.

இல்லத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, தனிக் குழு, ஆண்டுதோறும் வெளித் தணிக்கை. குழுவில் சபைக்கு வெளியே இருந்து இரண்டு பேராவது இருக்கட்டும், அதில் ஒருவர் சமூகப்பணி படித்தவராக. சபைக்குள் ஒரு பிளவு வந்தால் இல்லம் அதில் சிக்கி நசுங்கக் கூடாது. (வராது என்று நினைக்காதீர்கள்.)

மூன்றாம் படி: எண்ணிக்கையைக் குறையுங்கள்

மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை, பள்ளி விட்டு வந்து தூங்கும் வரை, 240 நிமிஷம். ஒரு வார்டன், இருபது பிள்ளைகள் என்றால் தலைக்கு 12 நிமிஷம். அதுவும் அவர் சமைக்காமல், துணி மடிக்காமல், போன் எடுக்காமல் இருந்தால். எட்டுப் பிள்ளைகள், இரண்டு பெரியவர்கள் என்றால் தலைக்கு ஒரு மணி நேரம். எந்தப் பயிற்சி வகுப்பாலும் அந்தப் 12-ஐ 60 ஆக்க முடியாது.

இது புதுசாகக் கண்டுபிடித்ததும் இல்லை. 1833-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் அருகே யோஹான் ஹின்ரிஷ் விஹெர்ன் என்ற இளம் இறையியலாளர் பிள்ளைகளுக்காக ஒரு வீடு திறந்தார். பெரிய கூடத்தில் வரிசையாகக் கட்டில் போடாமல், சுமார் பன்னிரண்டு பேர் கொண்ட 'குடும்பங்களாக' பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூத்தவரைக் கூடவே வாழவைத்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1949-ல், ஆஸ்திரியாவின் இம்ஸ்ட் ஊரில் ஹெர்மன் க்மைனர் எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமத்தைத் தொடங்கியபோதும் அடிப்படை அதேதான்: ஒரு தாய், உடன்பிறப்புகள், ஒரு வீடு, சுற்றிலும் ஒரு கிராமம்.

இன்று தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது ஒரு வீட்டுக்கு ஆறிலிருந்து எட்டு. வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் கலந்து இருக்கட்டும், உடன்பிறந்தவர்களைப் பிரிக்கவே வேண்டாம். 'பையன்கள் கட்டடம், பெண்கள் கட்டடம்' என்று கட்டிவிட்டு அண்ணனையும் தங்கையையும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்க வைத்த தவறை நாங்களும் செய்தோம். வீடு சாதாரணத் தெருவில், சாதாரண வீடாக இருக்கட்டும். வாசலில் பெயர்ப்பலகை வேண்டாம். பள்ளி நண்பன் வழி கேட்டால் பிள்ளை கதவு எண்ணைச் சொல்ல வேண்டும், 'ஹோம்' என்று சொல்ல நேரக்கூடாது.

நான்காம் படி: யார் கூட இருக்கப் போகிறார்கள்?

முழுக் காரியமும் இங்கேதான் நிற்கிறது. கட்டடம் சுமாராக இருந்தும் நல்ல ஆள் அமைந்ததால் பிழைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கட்டடம் நன்றாக இருந்து, ஆள் சரியில்லாமலும் பிழைத்த வீடு ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

தம்பதியாக இருக்கலாம், தனியாக இருக்கும் ஒரு பெண்ணும் உதவிக்கு இன்னொருவருமாக இருக்கலாம். நேர்காணலில் வேத வசனம் எத்தனை தெரியும் என்று சோதிக்காதீர்கள். கடைசியாக எப்போது கோபம் வந்தது, அப்போது என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். சின்ன வயதில் உங்களை எப்படித் தண்டித்தார்கள், இப்போது அதைப்பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேளுங்கள். "அடி வாங்கித்தான் நான் உருப்பட்டேன்" என்பவரிடம் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். முன்பு வேலை செய்த இடத்தில் விசாரித்து, காவல்துறைச் சரிபார்ப்பும் முடித்த பிறகு, ஏற்கெனவே இருப்பவர்களோடு இரண்டு வார இறுதிகள் இருக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளின் கருத்தையும் கேளுங்கள். அவர்கள் துல்லியமாகச் சொல்வார்கள்.

அடுத்தது சம்பளம். 'ஊழியம்' என்ற சொல்லைச் சொல்லிக் குறைந்த சம்பளம் கொடுப்பது சபைகளின் பழைய வழக்கம். அதன் விலையைப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஆள் மாறும்போது ஒவ்வொரு பிள்ளையும் இன்னொரு முறை கைவிடப்படுகிறது. நியாயமான சம்பளம், வாரம் ஒரு முழு நாள் விடுப்பு, வருஷத்துக்கு ஒரு மாதம். விடுப்பில் பதிலுக்கு வருபவரும் எப்போதும் ஒரே ஆளாக இருக்கட்டும். பாட்டி வீட்டிலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள் என்ற உணர்வு பிள்ளைக்கு வரவேண்டும். ஒருவர் வேலையை விட்டுப் போவதாக இருந்தால் முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லி, அழ விட்டு, விடைபெற வைத்து, பிறகு வந்து பார்க்கவும் அனுமதியுங்கள். 'வருத்தப்படுவார்களே' என்று ராத்திரியோடு ராத்திரியாக அனுப்புவது கொடுமை.

பிள்ளைகள் அவர்களை எப்படிக் கூப்பிட வேண்டும்? 'அம்மா' என்று கூப்பிடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே ஓர் அம்மா இருக்கிறார், சிறையிலோ ஆஸ்பத்திரியிலோ நினைவிலோ. நம் மொழியில்தான் இதற்கு வசதி அதிகம்: அத்தை, சித்தி, பெரியம்மா, மாமா, அக்கா. பிள்ளை தானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். எங்கள் வீட்டில் ஒரு சிறுமி ஒரு வருஷம் எதுவுமே சொல்லாமல், பக்கத்தில் வந்து நின்று சேலையைப் பிடித்து இழுத்தே காலம் கழித்தாள். அதுவும் கூப்பிடுவதுதான்.

ஐந்தாம் படி: வந்த முதல் சில வாரங்கள்

புதிய பிள்ளையை வரவேற்க எல்லோரும் கூடிப் பாட்டுப் பாட வேண்டாம். ஒருவர் வாசலில் நின்று கூட்டிப்போய்க் கட்டிலையும் கழிப்பறையையும் விளக்கு சுவிட்ச் இருக்கும் இடத்தையும் காட்டினால் போதும். கொண்டுவந்த பை எவ்வளவு அழுக்காக இருந்தாலும் தூக்கி எறியாதீர்கள். துணியைத் துவைக்கும் முன் கேளுங்கள், அதில் வீட்டு வாசனை இருக்கும். அன்றைக்கே வீட்டாரோடு போனில் பேசவிடுங்கள், சட்டப்படித் தடை இருந்தாலொழிய.

தலையணைக்கு அடியில் சாப்பாடு கிடக்கும். அது திருட்டு அல்ல, நாளைக்குக் கிடைக்குமோ என்ற பயம். மூடி போட்ட டப்பா ஒன்றில் ஏதாவது தின்பண்டம் வைத்து, "இது உன் டப்பா, தீர்ந்தால் சொல், நிரப்பலாம்" என்று கொடுத்துவிடுங்கள். சில மாதங்களில் டப்பா மறந்துபோகும். படுக்கை நனைந்தால் யாருக்கும் தெரியாமல் விரிப்பை மாற்றுங்கள். பொய், கோபம், ஒரு வார்த்தைகூடப் பேசாமை எல்லாம் வரும்.

விருந்தாளிகள் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று உண்டு. முதல் முறை பார்க்கும் ஆளின் மடியில் ஏறி உட்கார்ந்து, "என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்கும் பிள்ளை. "எவ்வளவு பாசமான பிள்ளை!" என்பார்கள். யாரிடம் ஒட்டுவது என்றே தெரியாத அளவுக்கு ஆட்கள் மாறிப்போன பிள்ளை அது. அந்தப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சும் ஆட்களைக் குறைத்து, வீட்டில் இருக்கும் ஒருவரையே அதிகம் பழக விடுங்கள்.

ஆறாம் படி: அன்றாடம்

குடும்பச் சூழல் என்பது பெரும்பாலும் மிகச் சின்ன விஷயங்கள். எங்கள் ஃபிரிட்ஜ் பூட்டை எடுத்தோம். முதல் இரண்டு வாரம் எல்லாம் காலியானது. மூன்றாவது வாரம் வழக்கமாகிவிட்டது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் சாவியோடு ஓர் அலமாரி. துணி மொத்தமாக ஒரே நிறத்தில் எடுக்காமல், கடைக்குக் கூட்டிப்போய்ப் பிடித்ததை எடுக்கச் சொல்லுங்கள். மோசமான ரசனையில் எடுப்பார்கள், எடுக்கட்டும். கையில் கொஞ்சம் காசு, கணக்குக் கேட்காமல். சாப்பாட்டுக்கு மணி அடிக்காதீர்கள், கூப்பிடுங்கள். பெரியவர்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும். பணியாளர் சாப்பாடு தனி என்று வந்துவிட்டால் அது விடுதி. சமையல் வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும். பிள்ளைகள் பாத்திரங்களை உருட்டிக்கொண்டு சுற்றி நிற்கும்போதுதான் பள்ளிக்கூடத்துக் கதைகள் வெளியே வரும். பிறந்தநாளை அந்தந்த நாளில் கொண்டாடுங்கள். 'இந்த மாதம் பிறந்தவர்கள்' என்று மொத்தமாக ஒரு கேக் வெட்டுவது அலுவலக வழக்கம்.

ஒவ்வொருவருக்கும் ஒரு புகைப்பட ஆல்பம். சொந்தக் குடும்பத்துப் படம், வந்த நாள், விழுந்த முதல் பல், தோற்ற ஓட்டப்பந்தயம். வீட்டில் வளரும் பிள்ளைக்குத் தன் குழந்தைப் பருவக் கதையைச் சொல்ல நாலு பேர் இருப்பார்கள். இல்லத்துப் பிள்ளைக்கு அது எழுதி வைத்தால்தான் உண்டு.

அடி கிடையாது. சாப்பாட்டை நிறுத்துவதும், வீட்டுக்குப் போன் பேசுவதை நிறுத்துவதும், ஜெபத்தில் எல்லார் முன்னாலும் பெயர் சொல்லி மன்றாடுவதும் தண்டனையாக இருக்கவே கூடாது. உடைத்தவர் ஒட்ட உதவட்டும், அடித்தவர் மருந்து போடட்டும். கோபத்தில் இருக்கும் பிள்ளையிடம் நியாயம் பேசாமல், அடங்கும் வரை பக்கத்தில் இருங்கள்.

ஏழாம் படி: 'நம்ம ஆளுதானே' என்பதை நம்பாதீர்கள்

அயர்லாந்தில் அரசு அமைத்த விசாரணைக் குழு 2009-ல் அறிக்கை வெளியிட்டது. ஆஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை ராயல் கமிஷன் என்ற அரசு விசாரணை ஆணையம் ஒன்று விசாரித்தது. இரண்டிலும், திருச்சபைகளும் துறவற சபைகளும் நடத்திய இல்லங்களில் பிள்ளைகள் பல பத்தாண்டுகள் துன்புறுத்தப்பட்டதும், தெரிந்தவர்கள் நிறுவனத்தின் பெயரைக் காப்பாற்ற மூடி மறைத்ததும் பதிவாகியிருக்கின்றன. அங்கேயும் எல்லோரும் ஜெபித்தவர்கள்தான்.

எனவே விதிகள் எழுத்தில் இருக்கட்டும், போதகருக்கும் மூப்பருக்கும் நன்கொடையாளருக்கும் சேர்த்து. சரிபார்ப்பு முடியாத எவரும் பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. தனிமையில் பேச வேண்டியிருந்தால் கதவு திறந்திருக்கும் அறை, அல்லது மற்றவர் கண்ணில் படும் இடம். இல்லத்துக்கும் சபைக்கும் சம்பந்தமில்லாத ஒருவரின் போன் எண் ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும், அழைக்கப் போனும் கைக்கு எட்ட வேண்டும். புகார் வந்தால் அதே நாளில் காவல்துறைக்கோ குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிக்கோ போக வேண்டும். மூப்பர் கூட்டம் கூடி விசாரிப்பது உங்கள் வேலை அல்ல. மன்னிப்பைப் பற்றிய பிரசங்கத்தை அந்தப் பிள்ளையிடம் யாரும் ஆரம்பிக்கவே கூடாது.

எட்டாம் படி: சபையை உறவாக்குங்கள்

ஞாயிறு ஆராதனையில் இல்லத்துப் பிள்ளைகள் ஒரே உடையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் ஏதோ சரியில்லை. குடும்பங்களோடு கலந்து உட்காரட்டும். நன்கொடையாளர் வந்தால் பாட்டு, நடனம், சாட்சி சொல்லுதல் வேண்டாம். 'இன்றைய மதிய உணவு இன்னார் உபயம்' என்று சொல்லி, பிள்ளைகளை நிற்கவைத்து ஜெபிக்கச் சொல்வதும் வேண்டாம். பிள்ளையின் முகம் தெரியும் படத்தை எங்கும் போட வேண்டாம். 'ஒரு பிள்ளையைத் தத்தெடுங்கள்' என்று மாதச் சந்தாவுக்கு விளம்பரம் செய்யாதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்ட ஒரு பிள்ளை, தன்னை யாரோ கூட்டிப்போக வருகிறார்கள் என்று பையைக் கட்டி வைத்த கதை எனக்குத் தெரியும். ஒரு நாள், ஒரு வாரம் என்று வந்து கொஞ்சிவிட்டுப் போகும் தன்னார்வலர்களும் அப்படித்தான். காப்பகச் சுற்றுலாவால் வரும் கேட்டை ஐ.நா. பொதுச்சபையே 2019-ல் ஒரு தீர்மானத்தில் சுட்டிக்காட்டியது.

அப்படியென்றால் சபையார் என்ன செய்யலாம்? நிறைய. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாராவாரம் அதே நாளில் வந்து கணக்குச் சொல்லித் தரலாம். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கலாம். சரிபார்ப்பு முடித்த ஒரு குடும்பம், ஒரு பிள்ளைக்குப் பெரியப்பா வீடு மாதிரி, வருஷக்கணக்கில் விடுமுறைக்கு அழைத்துப் போகலாம். வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒரு மாலை ஓய்வு கிடைக்கும்படி துணி இஸ்திரி போட்டுக் கொடுக்கலாம். பத்து வருஷம் வருவேன் என்பவர் வரட்டும்.

விசுவாசம் பற்றி ஒரு வார்த்தை. 1989-ன் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, குடும்பத்தைப் பிரிந்த பிள்ளையின் மதப் பின்னணிக்கும் மொழிக்கும் உரிய மதிப்புக் கொடுக்கச் சொல்கிறது. வேறு மதப் பிள்ளையைச் சபைக்கு வரச் சொல்லி வற்புறுத்துவதும், பெயரை மாற்றுவதும் தவறு. ஜெபம், வீட்டு ஜெபம் மாதிரிச் சின்னதாக இருக்கட்டும். விஹெர்னிடம் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் எப்போது, எப்போது என்று நச்சரித்தார்களாம். 1839-ல் அவர் ஒரு சக்கரத்தில் மெழுகுவர்த்திகளைச் செருகி, நாளுக்கு ஒன்றாக ஏற்றவைத்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் இன்று உலகமெங்கும் சபைகளில் ஏற்றும் திருவருகைக் கால மெழுகுவர்த்தி வளையம் அங்கிருந்து வந்ததுதான். பிள்ளைகளின் பொறுமையின்மைக்குச் சபை கடன்பட்டிருக்கிறது.

ஒன்பதாம் படி: பணம்

டிசம்பரில் வெள்ளம், ஜூனில் வறட்சி. காணிக்கையின் இயல்பு அது. ஆறு மாதச் செலவு கையிருப்பில் இல்லாமல் தொடங்காதீர்கள். நன்கொடையைப் பிள்ளையின் பெயரில் வாங்காமல் வீட்டின் பெயரில் வாங்குங்கள். பதிலி ஆளின் சம்பளம், மனநல ஆலோசனை, சொந்த வீட்டுக்குப் போய்வரும் பயணச் செலவு, 18 வயதுக்குப் பிறகான உதவி ஆகிய நான்கையும் பட்ஜெட்டில் எல்லோரும் மறப்பார்கள். கிழிந்த பழைய துணி மூட்டைகளை மரியாதையாக மறுக்கவும் ஒருவரைப் பழக்கிவையுங்கள்.

கடைசியாக: திரும்பிப் போவதும் வெளியே போவதும்

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு கோப்பையும் திறந்து, இந்தப் பிள்ளை இப்போது வீட்டுக்குப் போக முடியுமா என்று கேளுங்கள். தாய்க்கு வேலை கிடைத்திருக்கலாம், பாட்டி உடல்நலம் தேறியிருக்கலாம். முதலில் ஒரு வார இறுதி, பிறகு ஒரு விடுமுறை, அதன் பிறகு நிரந்தரமாக. போன பிறகும் ஒரு வருஷமாவது போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இல்லத்தில் எண்ணிக்கை குறைந்தால் அது நல்ல செய்தி என்று குழுவுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்க வேண்டும்.

வீட்டுக்குப் போக முடியாதவர்கள் 18 வயதில் வெளியே போவார்கள். பதினைந்திலிருந்தே சமையல், வங்கிக் கணக்கு, படிவம் நிரப்புதல், டாக்டரிடம் தனியாகப் போவது எல்லாம் பழகட்டும். சான்றிதழ்கள் அசலும் நகலும் அவர்கள் கையில். முதல் அறைக்கு முன்பணம். விடுமுறைக்கு வந்தால் படுக்க ஒரு மெத்தை எப்போதும் தயாராக. வேலைக்கான விண்ணப்பத்தில் 'அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும்' என்று ஒரு கட்டம் இருக்கும். எங்களிடமிருந்து முதலில் வெளியே போன பெண் அதை வெறுமையாக விட்டுவிட்டு எனக்குப் போன் செய்தாள். இப்போது ஒவ்வொருவரும் கிளம்பும் முன்பே, சபையில் யாருடைய பெயரையும் எண்ணையும் அங்கே எழுதுவது என்று அவர்களையே கேட்டு, அந்த ஆளிடமும் பேசி முடித்துவிடுகிறோம்.